18,500 ரூபாய்க்கு ப்ளகின் வாங்கி ஏமாந்தேன்: பாட்டு வேலை பார்க்கிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

18,500 ரூபாய். முழுசாகப் போச்சு.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கிட்டார் வாசிப்பேன், மற்றவர்கள் கொண்டுவரும் பதிவுகளை மிக்ஸ் செய்து கொடுப்பேன். ஒரு பாட்டுக்கு 2,500 ரூபாய். அந்தக் கணக்கில் போனது கிட்டத்தட்ட ஏழரைப் பாட்டு. ஏழரை என்றதும் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ப்ளகின் எப்படி வாங்க வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. முன்பு இரும்புப் பெட்டியாக வாங்கிய, சத்தத்தை மாற்றும் எஃபெக்ட்ஸ் எல்லாம் இப்போது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக வருகிறது, அதுதான் ப்ளகின். 1996-இல் ஸ்டைன்பெர்க் கம்பெனி விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு இது வீட்டு ஸ்டூடியோக்கள் வரை வந்துவிட்டது. என்னிடம் இன்னும் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஒரு பாஸ் டிஎஸ்-1 பெடல் இருக்கிறது. ஆரஞ்சு நிறம், ஓரமெல்லாம் பெயின்ட் உரிந்துவிட்டது. பேட்டரி போட்டால் இன்றைக்கும் கத்தும். அது ஒருநாளும் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெசேஜ் செயலியில் நடக்கும் ஒரு தள்ளுபடி ப்ளகின் குழு. பெயர் சொல்லப் போவதில்லை, இந்த மாதிரி குழுக்கள் நிறைய இருக்கின்றன. கிட்டார் ஆம்ப் சத்தத்தைத் தரும் ஆம்ப் சிமுலேட்டர் ஒன்று, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் இரண்டு, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் ஒன்று, சுருதி (பிட்ச்) சரிசெய்வது ஒன்று. கம்பெனித் தளத்தில் கூட்டிப் பார்த்தால் 70,000 தாண்டும். இங்கே 18,500. ‘ஒரிஜினல் லைசென்ஸ், ஆயுசுக்கும்’ என்று போட்டிருந்தான். சந்தேகம் வரத்தான் செய்தது. அதனால்தான் போன் போட்டேன். போட்டிருக்கவே கூடாது.

எடுத்ததும், “சொல்லுங்க அண்ணாச்சி” என்றான். சென்னைக் குரலையோ இந்திக் குரலையோ எதிர்பார்த்திருந்த எனக்கு அந்த ஒரு ‘அண்ணாச்சி’யிலேயே பாதி உருகிவிட்டது.

“நீங்க பாளையங்கோட்டையா? எனக்குப் பேட்டைதான் அண்ணாச்சி. நீங்க கிட்டார் வாசிச்சத நான் கேட்டிருக்கேன். நமக்குள்ள என்ன, நம்மூர்க்காரர ஏமாத்திட்டு நான் எங்க போயி நிக்கப் போறேன்? எதுக்கு யோசிக்கிய?”

எங்கே கேட்டான், எப்போது கேட்டான் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. மெல்லிசைக் கச்சேரியில் ஓரமாக நின்று வாசிக்கிற எவனுக்கும் இப்படி ஒருத்தன் சொன்னால் போதும். முதலில் 500 டோக்கன் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மீதி 18,000. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணி.

திரையைத் தூரத்திலிருந்து பிடிக்கும் ஆப் ஒன்றைப் போடச் சொன்னான், போட்டேன். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னான், அதையும் நிறுத்தினேன். என் கண் முன்னாலேயே மௌஸ் தானாக நகர்ந்து எல்லாம் இன்ஸ்டால் ஆனது. லாகின் கேட்கும் இடத்தில் அவனே ஒரு மெயில் ஐடியை அடித்தான். அது என் ஐடி இல்லை. கேட்டேன். “அது டீலர் ஐடி அண்ணாச்சி, ஒரு வாரத்துல உங்க பேருக்கு மாத்தித் தந்துருதேன்” என்றான். மொத்தக் கதையும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ராத்திரி சந்தோஷமாக இருந்தேன். சத்தம் தாமதமாகாமல் இருக்க பஃபரை 128-இல் வைத்து கிட்டாரைச் செருகினால் விரல் வைத்த நொடியில் சத்தம் வருகிறது. வால்வு ஆம்ப் போலவே, மெதுவாகத் தட்டினால் சுத்தமாக, அழுத்தினால் கரகரவென்று. பன்னிரண்டு மணி வரை வாசித்தேன். ப்ளகின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொருள் நல்ல பொருள்தான், என்னுடைய பொருளாக இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வில்லுப்பாட்டு வேலை வந்தது. நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊர்க் கொடை, அதாவது கோயில் திருவிழா. அதற்குக் கால் நடும் கால்நாட்டு அன்றைக்கே குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓட வேண்டும் என்றார்கள். வில்லிசை பாடும் அக்காவின் பதிவு என்னிடம் வந்தது. புதுக் கம்ப்ரசரைப் போட்டு மிக்ஸ் செய்தேன். பதினோராவது நாள், சனிக்கிழமை ராத்திரி, ஒரு மணிக்கு முடித்தேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் வந்தது. திரும்பத் திறந்தபோது சின்னதாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. தூக்கக் கலக்கத்தில் அதை மூடிவிட்டு, பாட்டை ஒரே கோப்பாக எடுக்கும் ரெண்டர் கொடுத்தேன். கேட்டுப் பார்க்காமல் அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு போன். “தம்பி, மாடன் கதைய சொல்லிக்கிட்டே வாரேன், நடுவுல நடுவுல எனக்குப் பேச்சே வரமாட்டேங்கு. என்ன அது, சாமி வாயக் கட்டிட்டா?”

ஓடிப்போய்க் கேட்டால், முக்கால் நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு நொடி மௌனம். லைசென்ஸ் போனதும் ப்ளகின் ட்ரையலுக்குப் போய்விட்டது. காசு கட்டாதவன் என்று காட்ட அது சத்தத்தை அடிக்கடி நிறுத்தும். உடுக்கை, குடம், ஜால்ரா எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது, அக்கா குரல் மட்டும் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. எனக்கு வந்த வெட்கத்தை எழுத முடியாது.

அவனைக் கூப்பிட்டேன். ஞாயிறு காலை: “சர்வர் மெயின்டனன்ஸ் அண்ணாச்சி, சாயங்காலம் சரியாயிரும்.” ஞாயிறு சாயங்காலம்: “உங்க நெட்டு மாறிட்டு போல, ரவுட்டர அணைச்சுப் போடுங்க.” அணைத்துப் போட்டேன், கரண்ட் பில் குறைந்ததுதான் மிச்சம். திங்கள்: “வீட்ல ஒரு துஷ்டி, ரெண்டு நாள் பொறுங்க.” துஷ்டி, அதாவது சாவு என்றதும் நானே வருத்தம் தெரிவித்தேன், இதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. புதன்: “ரீஆக்டிவேஷன் 4,000 ஆகும், அனுப்புனா இப்பமே செஞ்சிருதேன்.” 18,500 எங்கேடா என்று கேட்டதும் பிளாக். என் வீட்டுக்காரி போனிலிருந்து கூப்பிட்டேன். “சொல்லுங்க அக்கா” என்று தேனாகப் பேசினான். என் குரலைக் கேட்டதும் கட்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். உங்கள் ஐடியில் எந்த லைசென்ஸும் இல்லை, நீங்கள் சொல்லும் ஐடி ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களில் ஓடியதால் முடக்கிவிட்டோம் என்று பதில். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஒரே லைசென்ஸை எத்தனை அண்ணாச்சிகளுக்கு விற்றானோ. பேங்கில் போய்ச் சொன்னால், “நீங்களா அனுப்புனதுதான சார்? ப்ளகின்னா என்ன, மின்சாரப் ப்ளக்கா?” என்று கேட்டார்கள். 18,500 ரூபாய்க்கு என்ன ப்ளக் சார் வாங்க முடியும்.

பாட்டை எப்படிக் காப்பாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் உட்கார்ந்து நான் மிக்ஸ் செய்யும் ரீப்பர் மென்பொருளோடு வரும் ரியாஈக்யூ (ஈக்வலைசர்), ரியாகாம்ப் (கம்ப்ரசர்) இரண்டையும் வைத்தே முதலிலிருந்து செய்தேன். அக்கா குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அவர் மைக்கில் ஏறிய குடத்தின் உருட்டல் குறையும். கம்ப்ரசர் விகிதம் மூன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். வில்லில் கட்டிய மணிகள்தான் சிக்கல், வில்லைத் தட்டும் வீசுகோல் விழும்போதெல்லாம் சிலீரென்று குரல் மேல் ஏறி உட்காரும். மொத்தமாகக் குறைத்தால் குரலும் மங்கிவிடும். அதற்கு டிடிஆர் நோவா என்ற இலவச ப்ளகின், மணி உரக்க அடிக்கும் நொடியில் மட்டும் அந்த இடத்தை அமுக்கும். ரிவெர்ப் போடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை கால்நாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பனைமரத்தில் குழாய் கட்டியிருந்தார்கள். அந்தக் குழாயில் அடிச்சத்தமும் கிடையாது, மேல்சத்தமும் கிடையாது, நடுவில் இருப்பது மட்டும்தான் ஊருக்குக் கேட்கும். எதிரொலியைக் காடே போட்டுக்கொள்கிறது. விலை கூடிய கம்ப்ரசரும் இலவசக் கம்ப்ரசரும் அதில் ஒன்றுதான். டீக்கடை வாசலில் நின்று முழுசாகக் கேட்டேன். அக்கா ஓர் இடத்திலும் வாயை மூடவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் உங்கள் மெயில் ஐடிக்கு வராத வரை ஒரு பைசா கொடுக்காதீர்கள். பழையதை வாங்குவதானால் விற்கிறவர் கம்பெனித் தளத்திலேயே உங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். சில கம்பெனிகள் அதற்குக் கட்டணம் வாங்கும், சில மாற்றவே விடாது. மாணவர் விலையில் வாங்கியது பெரும்பாலும் மாறாது. நவம்பர் கடைசியில் பல கம்பெனிகளே பாதி விலைக்குக்கூடக் கொடுக்கும், காத்திருங்கள். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னால் போனை வையுங்கள். நான் விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டிருக்கிறேன். கிட்டார்காரர்கள் நியூரல் ஆம்ப் மாடலரைப் பாருங்கள், இலவசம். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் ‘துஷ்டி’க்கு மரியாதை கொடுத்து அஞ்சாவது நாள் கூப்பிட்டேன், ஒரு புகார் எண் கையில் இருக்கிறது.

நேற்று நண்பன் போனில் அந்தக் குழுவைப் பார்த்தேன். அதே அஞ்சு ப்ளகின். ‘கடைசி நாலு பேருக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறான். விலை 14,999 ஆகிவிட்டது.