சோற்றுக்கற்றாழையா, ஆனைக்கற்றாழையா? நுனியைப் பாருங்கள்

இரண்டுக்கும் கற்றாழை என்றே பெயர். ஆனால் நெருங்கிய உறவு கிடையாது. சோற்றுக்கற்றாழை அரேபியத் தீபகற்பத்துச் செடி, அஸ்போடெலேசியே குடும்பம். ஆனைக்கற்றாழையின் தாயகம் மெக்சிகோ, குடும்பம் அஸ்பராகேசியே. வறண்ட நிலத்தில் பிழைக்க, இரண்டும் மடலில் நீரைத் தேக்குகின்றன; இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கின்றன. பிழைப்பு ஒன்றானதால் தோற்றமும் ஒத்துப்போய்விட்டது.

ஓரத்து முள்ளை வைத்து முடிவுகட்ட வேண்டாம், இரண்டுக்கும் அது உண்டு. நுனிதான் காட்டிக்கொடுக்கும். ஆனைக்கற்றாழை மடல் 3 முதல் 5 செ.மீ. நீளமுள்ள கருமுள்ளில் முடியும். சோற்றுக்கற்றாழை மடலோ சதையாகவே கூம்பி முடியும். கன்றாக இருக்கும்போதுதான் குழப்பம் அதிகம். சோற்றுக்கற்றாழைக் கன்றில் மடல்கள் இரு பக்கமாக, எதிரெதிரே, வெண்புள்ளிகளோடு நிற்கும். வளர்ந்தபின்தான் வட்டமாக அடுக்கும். ஆனைக்கற்றாழையில் குருத்து இறுகச் சுருண்டிருந்து விரிவதால், ஒரு மடலின் முள்வரிசை அடுத்த மடலில் தடமாகப் பதிந்திருக்கும்.

இன்னும் சந்தேகமா? கையுறை போட்டுக்கொண்டு ஒரு மடலை ஒடியுங்கள். சோற்றுக்கற்றாழை சட்டென ஒடியும். பச்சைத் தோல், அதை ஒட்டி மஞ்சள் நிறக் கசப்புப் பால், நடுவில் கண்ணாடி போன்ற சோறு. சோற்றில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீர்தான். பாலில் உள்ள அலோயின் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதனால் அறுத்த மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி 10–15 நிமிடம் நிறுத்தி வடியவிட வேண்டும். தோலை மெலிதாகச் சீவினால் பால் சோற்றிலேயே தங்கிவிடும்; தாராளமாகச் சீவிவிட்டு, சோற்றைக் கழுவுங்கள். ஆனைக்கற்றாழை மடலை ஒடித்தால் நார் இழுத்துக்கொண்டே வரும். அதன் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், தோலில் பட்டால் எரிந்து தடிக்கும். சோறு என்று நினைத்து முகத்தில் பூசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூவில் ஐயத்துக்கே இடமில்லை, ஆனால் அதற்காகக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? முதிர்ந்த சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூக்கக்கூடியது, 90 செ.மீ. வரை உயரும் தண்டில் மஞ்சள் குழல் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். ஆனைக்கற்றாழை 10 முதல் 30 ஆண்டு கழித்து, ஒரே ஒரு முறை, 8 மீட்டர் வரை தண்டு விட்டு, நிமிர்ந்த பூக்களோடு நின்று, பின் பட்டுப்போகும். பக்கக் கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். அதன் ஒரு மடலே 2 மீட்டர் வரை நீளக்கூடும் என்பதால், நடைபாதை ஓரத்தில் மட்டும் நடாதீர்கள்.