பிளேனர், திக்னசர் ரெண்டும் ஒரே மெஷினா, தனித்தனியா?

பழைய கதவிலிருந்து கழற்றிய தேக்குப் பலகையைத் தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். எதிர் மூலை எழும்பினால் பலகையில் முறுக்கு இருக்கிறது. அதை எடுத்து ஒரு முகத்தை மட்டமாக்குவது பிளேனரின், அதாவது மேசைமேல் பலகையைத் தள்ளி இழைக்கும் மெஷினின் வேலை. பலகையின் கனத்தைச் சீராக்கும் மெஷினான திக்னசரில் விட்டால் உருளைகள் பலகையை அழுத்திப் பிடித்து இழுக்கும், கனம் சீராகும். வெளியே வந்ததும் பழைய முறுக்கு அப்படியே திரும்பிவிடும். ஆக, இரண்டு வேலையும் வேண்டும்.

தனித்தனியாக வாங்கும்போது வீட்டுப் பட்டறைக்குக் கட்டுப்படியாவது பெரும்பாலும் 6 அங்குல அகல பிளேனரும் 12 அங்குல அகல திக்னசரும்தான். சிக்கலே இங்கேதான். 10 அங்குல அகலப் பலகை திக்னசருக்குள் நுழையும். ஆனால் அதற்கு முன் ஒரு முகத்தை மட்டமாக்க 6 அங்குல பிளேனர் போதாது. பலகையை நீளவாக்கில் அறுத்து, இழைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். ரேகை அழகாக ஓடும் தேக்கை அப்படி அறுக்க எனக்கு மனசு வருவதில்லை. பிளேனரும் திக்னசரும் சேர்ந்த கூட்டு மெஷினில் இரண்டு வேலைக்கும் ஒரே கத்தி உருளை. 10 அங்குல மெஷின் என்றால் மேலே பிளேனராக ஓட்டினாலும் கீழே திக்னசராக ஓட்டினாலும் 10 அங்குலம் கிடைக்கும். இடமும் ஒரு மெஷினுக்கானது போதும்.

குறை இல்லாமல் இல்லை. சிறிய கூட்டு மெஷின்களில் மேசை நீளம் சுமார் ஒரு மீட்டர்தான். 7 அடி நிலைக்காலை அதில் நேராக்குவது பெரும்பாடு. திக்னசருக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் மேசையைத் தூக்கி, தூள் போகும் கூட்டைத் திருப்பிவைத்து, கீழ் மேசையை ஏற்ற வேண்டும். அதனால் எல்லாப் பலகைகளுக்கும் முகமும் விளிம்பும் முடித்த பிறகே திக்னசருக்கு மாற்றுங்கள்.

காசு குறைவு என்றால் திக்னசர் மட்டும் போதும். மகிடா 2012என்பி என்ற திக்னசர் மாடல் 304 மி.மீ. அகலம் வாங்கும், எடை 28 கிலோதான், வேலை முடிந்ததும் ஓரமாக வைத்துவிடலாம். தட்டையான பிளைவுட் மேல் பலகையை வைத்து, ஆடும் இடங்களில் ஆப்பு செருகி ஒட்டி உள்ளே விட்டால் மேல்முகம் மட்டமாகிவிடும். அப்புறம் திருப்பிப் போட்டு மறுமுகம். விளிம்புக்கு இழைப்புளி. நேரம் பிடிக்கும், ஆனால் வேலை சுத்தமாக வரும்.

மேசை, அலமாரி என்று அகலப் பலகையில் வேலை செய்பவருக்கு நான் கூட்டு மெஷினைத்தான் சொல்வேன். கதவு, நிலை செய்பவருக்கு நீள மேசை உள்ள தனி பிளேனர். கூட்டு மெஷின் வாங்கினால் பழைய மரத்தை ஏற்றும் முன் காந்தத்தை ஓட்டி ஆணி பாருங்கள். கத்தியில் பல் விழுந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக நிற்கும்.