மாரிக்கு முந்திய வளவு துப்புரவு: ஒப்பந்தக் குழு ஒன்றின் வேலை பற்றிய மதிப்பீடு

புரட்டாதி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் வீட்டுத்தோட்டம் செய்பவர்களுக்கு ஒரே கவலைதான்: ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்குவதற்குள் வளவைத் துப்புரவாக்கிப் பாத்தி கட்ட ஆள் கிடைக்குமா என்பது. புல்வெட்டும் இயந்திரத்துடனும் லான்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்துடனும் வந்து இவ்வேலையை ஒப்பந்தமாகச் செய்துகொடுக்கும் குழுக்கள் வலிகாமத்தில் இப்போது பல உள்ளன. அவற்றுள் ஒன்றை இம்முறை எங்கள் வளவுக்கு அழைத்திருந்தோம். பார்வைக்குத் துப்புரவாக்குவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நடுகைக்கு ஏற்ற நிலமாக்க வேண்டுமானால், வீட்டார் ஒருவர் கூடவே நின்று சொல்லவேண்டியிருக்கிறது.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்; பேசிய தொகைக்கு மேல் எரிபொருளுக்கென்று எதுவும் கேட்கவில்லை. தென்னம்பாத்திகளைக் கொத்திச் சீராக்கியதுடன், டெங்கு நுளம்பு பெருகும் காலம் வருவதால், கோடிப்புறத்தில் கிடந்த சிரட்டை, பழைய வாளி, தகரப்பேணி யாவற்றையும் நாம் சொல்லாமலே பொறுக்கி அகற்றினார்கள்.

பார்த்தீனியம் என்ற களையில்தான் சிக்கல் தொடங்கியது. கிணற்றடிக்கு அப்பால் இடுப்பளவுக்கு வளர்ந்து, அரிசிக்குருணை போன்ற வெண்பூக்களுடன் நின்ற செடிகளை, இளைஞர் ஒருவர் இயந்திரத்தால் அடித்து வீழ்த்தத் தொடங்கினார். ஒரு செடியே 10,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது; பூத்த நிலையில் அடித்தால் விதை வளவெங்கும் சிதறும், எஞ்சிய அடிக்கட்டையும் மீண்டும் துளிர்க்கும். குழுவில் மூத்தவர் அதைக் கண்டு, “தம்பி, மிசினை நிப்பாட்டு, இதை வேரோட பிடுங்கவேணும்” என்று தடுத்தது நல்லதாயிற்று. ஆனால் பிடுங்குவதற்கு அவர்களிடம் கையுறை இருக்கவில்லை. பார்த்தீனியம் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும், அதன் மகரந்தத்தால் சிலருக்கு மூச்சுத்திணறலும் ஏற்படும் என்பது இங்கு பலரும் அறிந்ததே. கையுறையை நாங்களே கொடுத்தோம். இத்தொழில் செய்யும் குழுவொன்று அதைத் தானே கொண்டுவந்திருக்க வேண்டும்.

வேலி வெட்டியதில் பெரிய குறை இல்லை. சீமைக்கிளுவையையும் பூவரசையும் ஒரே உயரத்துக்குக் கவ்வாத்து செய்து, தடித்த கொப்புகளைக் கதியாலுக்கென்று, அதாவது வேலியில் நடும் உயிர்த்தடிகளுக்கென்று, வேறாக அடுக்கினார்கள். மழையோடு நட்டால் அவை வேர்பிடித்து வேலியின் இடைவெளிகளை அடைக்கும். ஆனால் வெட்டிய குழையை லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி வெளியே கொட்டப் புறப்பட்டதுதான் விளங்கவில்லை. தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பதற்கென்றே, அதாவது பசளையாக மண்ணில் புதைப்பதற்கென்றே, விலைகொடுத்து ஏற்றிவந்த ஊர் இது. தழைச்சத்து மிகுந்த சீமைக்கிளுவைக் குழையை வாழைக்குழிகளில் போட்டு மண்ணால் மூடும்படி கேட்டபோது மறுப்பின்றிச் செய்தார்கள். சருகையும் எரிக்கவிடாமல் ஒரு மூலையில் குவிக்கச் சொன்னோம்; மழையில் அது தானாகவே உக்கிவிடும்.

கோரை விடயத்தில் இணக்கம் ஏற்படவில்லை. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை மேலே எத்தனைமுறை வெட்டினாலும் பயனில்லை. மண்வெட்டியால் ஆழக் கொத்திக் கிழங்கைப் பொறுக்குவதே வழி. அதற்கு மேலதிகக் கூலி கேட்டார்கள், அது நியாயமே. ஆனால் அதற்குப் பதிலாகக் களைநாசினி அடித்துத்தரலாம் என்று அவர்கள் முன்வைத்த யோசனை இந்த மண்ணுக்குப் பொருந்தாதது. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல் கிடக்கும் குடாநாட்டில், மேலே ஊற்றுவது நிலத்தடி நீரைச் சேர அதிக காலம் ஆகாது. குடிப்பதும் அந்தக் கிணற்றுநீரைத்தான். கத்தரியும் மிளகாயும் நடவிருந்த துண்டை மட்டும் கொத்துவித்து, மிகுதியை விட்டுவிட்டோம்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கும், நெடுநாள் பூட்டிக்கிடந்த வளவுகளுக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பார்த்தீனியத்தைப் பிடுங்குதல், குழையை வளவுக்குள்ளேயே தாழ்த்தல், கோரை கொத்துதல் ஆகிய மூன்றையும் தொகை பேசும்போதே சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது. வேலை தொடங்கிய பின் ஒவ்வொன்றும் தனிக்கூலியாகிவிடுகிறது. புரட்டாதி நடுப்பகுதிக்குப் பிறகு இவர்களைப் பிடிப்பது கடினம் என்பதால், அடுத்த ஆண்டு ஆவணியிலேயே, பார்த்தீனியம் பூக்குமுன், அதே மூத்தவர் வரவேண்டும் என்று சொல்லி நாள் குறிக்க எண்ணியிருக்கிறோம்.