காலேஜ் படிப்போடு என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ஒத்து வருமா?

டிகிரி முடித்து, கையோடு என்.சி.சி.யில் மூன்றாவது வருடம் பரீட்சை எழுதி வாங்குகிற சி சர்ட்டிபிகேட்டும் வாங்கியாயிற்று. பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கமிருந்து கோவைக்குப் பஸ்ஸில் வந்து படிக்கிற தம்பி தங்கச்சிகள் என்.சி.சி.யில் சேரலாமாண்ணா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்க. அதற்கு முன்னால் உங்கள் டிபார்ட்மென்டில் கேம்ப்புக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, கிளாஸுக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு வைப்பது) ஒழுங்காகத் தருகிறார்களா என்று ஒரு சீனியரிடம் விசாரித்துவிடுங்க.

வாரப் பரேட் பெரிய சிரமமே இல்லை. விடியற்காலையில் எழுவது, பெல்ட் பக்கிளைத் தேய்க்கப் பிராஸோ, ஷூவுக்குப் பாலிஷ், இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். 10 நாள் வருடாந்திர கேம்ப்தான் இடிக்கும். சி பரீட்சை எழுத ஒரு கேம்ப் மட்டும் பத்தாது, பரேட் வருகையும் 75 சதவீதம் வேண்டும், காலேஜும் அதே அளவு வருகை கேட்கும். என் முதல் கேம்ப் இன்டர்னல் பரீட்சை நாளிலேயே வந்து விழுந்தது. காலேஜில் என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியரான ஏ.என்.ஓ. கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டியும் மறுபடி வைக்க முடியாது என்றுவிட்டார்கள், அந்த மார்க் போனது போனதுதான். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அடுத்த கேம்ப்புக்குப் புத்தகத்தை எடுத்துப்போய், விளக்கணைத்த பிறகு பாத்ரூம் பக்கத்து டியூப்லைட் வெளிச்சத்தில் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் கணக்குப் போட்டேன். வீட்டில் அம்மா, "ஏங்கண்ணு, படிக்கிற நேரத்துல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தேவைதான் என்பேன். பாயிண்ட் டூ டூ ரைபிளோடு குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் அழுத்தி, பயிற்சி தருகிற ராணுவக்காரரான பி.ஐ. ஸ்டாஃப் தலைக்கு மேலே நின்று "சாஸ் ரோக்" என்றதும் மூச்சைப் பிடித்து ட்ரிகரை மெதுவாக இழுக்கிற அந்த நேரத்தில் மனசு குவிகிற மாதிரி வேறு எங்கேயும் எனக்குக் குவிந்ததில்லை.

ஆனால் யூனிஃபார்ம் ஆசையில் படிப்பைக் கோட்டை விட்டால் அந்த யூனிஃபார்மும் கிடைக்காது. சி சர்ட்டிபிகேட்டில் பி கிரேடாவது இருந்தால் ராணுவ அதிகாரி வேலைக்கு என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி வழியாக எழுத்துத் தேர்வு இல்லாமல் விண்ணப்பிக்கலாம், தேர்வானவர்களை நேராக எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற வாரியம்) இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு டிகிரியிலும் 50 சதவீதம் கேட்கிறார்களே, அரியர் வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

அப்புறம், டெரிடோரியல் ஆர்மியையும் இதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேலையில் இருக்கிறவர்கள் பகுதிநேரமாகச் செய்கிற நிஜ ராணுவ சேவை, அதில் அதிகாரியாக டிகிரியும் வருமானமும் இருக்க வேண்டும். என்.சி.சி. வெறும் பயிற்சிதான், முடித்ததும் பட்டாளத்துக்குப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை.

சேருகிறவர்கள் ஃபர்ஸ்ட் இயர் ஆரம்பத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்க. மூன்று வருட டிகிரியில் செகண்ட் இயர் வந்து சேர்ந்தால் பி சர்ட்டிபிகேட்டோடு நின்றுவிடும்.