உப்புவெளி மணலில் பொய்க்காலோடு

போன ஆடி மாதம் மூன்று கிழமை திருகோணமலையில் நின்றேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு ஊருக்குப் போனது இதுதான் முதல் தடவை. பெட்டிக்குள் இரண்டு பொய்க்கால்: ஒன்று நடக்க, மற்றது ஓட. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், பார்த்தார்கள், மூடச் சொன்னார்கள். ஹபரணை வழியாக வாகனத்தில் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு என்று போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு சரிவு கட்டியிருந்தார்கள், வசதி அதோடு சரி. குளியலறையில் பிடிக்க ஒரு கம்பி கிடையாது. ஒற்றைக் காலோடு ஈர டைல்ஸில் எதைப் பிடிப்பது? பிளாஸ்டிக் கதிரை ஒன்று கேட்டேன். உடனே கொண்டு வந்து வைத்தார்கள். மூன்று கிழமையும் அதில் இருந்துதான் குளித்தேன்.

ஓடும் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளேட் என்கிறோமே, அந்தக் கார்பன் வளைவுக்குக் குதி கிடையாது. அதில் அசையாமல் நிற்க முடியாது, ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பாரம் முழுவதையும் அதில் போட்டால்தான் வளையும், வளைந்தால்தான் திருப்பித் தள்ளும். பயந்து பயந்து மிதித்தால் வெறும் தடிதான். ரொறன்ரோவில் எனக்குப் பழக்கிய பிள்ளை முதல் மாதம் ஓடவே விடவில்லை. பொய்க்காலில் மட்டும் நின்று பந்து பிடிக்கச் சொன்னாள். அப்புறம் முப்பது விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை. ஒன்ராறியோ அரசு நடக்கிற காலுக்கு 75 வீதம் கொடுக்கும். ஓடத் தனிக்கால் என்றால் நம் கைக்காசுதான்.

உப்புவெளிக் கடற்கரையில் காலை ஐந்தரைக்கே இறங்கிவிடுவேன். காய்ந்த மணலில் பிளேட் புதையும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய ஓரம்தான் தோது. நிலாவெளிப் பக்கம் ஓடும்போது பறக்கிற மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது ஒவ்வொரு எட்டும் தடுக்கியது. மூன்றாம் நாள்தான் விளங்கியது. வளைவதற்கு இடம்விட்டு பிளேடை ஒரு விரற்கடை நீளமாகத்தான் பொருத்துவார்கள். வடக்கே ஓடும்போது கடல் வலப்பக்கம், கரை அந்தப் பக்கம் சரிவு, நீளம் கணக்காக வந்துவிடுகிறது. தெற்கே திரும்பினால் அதே கால் மேட்டுப் பக்கம். ஆகவே வடக்கே ஓடுவது, ஓட்டோவில் திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். நாலாம் நாளே ஓட்டோக்காரத் தம்பி நான் சொல்லாமலே வந்து காத்து நின்றான்.

கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிறு குறுக்கே வரும் நாட்களில் ஓட்டம் நின்றுவிடும். ஒரு நாள் நிற்கவும் முடியாமல் நான் தத்தளிக்க, இழுத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா, "கயிறைப் பிடியும் தம்பி" என்றார். பிடித்தேன். சரி, பிடித்தாயிற்று என்று கொஞ்சம் இழுத்தும் கொடுத்தேன்.

இந்த வெயிலுக்கு, மிச்சக் காலில் உறைபோல இழுத்துப் போடும் சிலிக்கன் லைனருக்குள் வேர்வை கரண்டிக் கணக்கில் தேங்குகிறது. இரண்டாம் கிழமை முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பு முண்டில் தோல் சிவந்து உரிந்தது. மாற்று லைனர் கேட்டு நாலு பார்மசி ஏறினேன். நரம்புச் சுருட்டலுக்குப் போடும் காலுறையைத்தான் காட்டினார்கள். கடைசியில் அக்காவின் மகன் தன் பொய்க்காலைத் திருத்தும் பட்டறைக்குக் கூட்டிப் போனான்.

ஒரு அறை, ஒரு மேசை, ஒரு தேய்க்கிற மெஷின். அங்கிருந்த ஐயா லாச்சியைத் திறந்து லிப்ஸ்டிக் ஒன்றை எடுத்தார். பட்டறைக்கென்றே வாங்கியதாம். லைனரில் எலும்பு முண்டு வரும் இடத்தில் வட்டமாகப் பூசினார், மிச்சக் கால் நுழையும் கிண்ணமான சொக்கெட்டைப் போட்டு நிற்கச் சொன்னார், கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். சிவப்பு எங்கே அப்பியிருந்ததோ அங்கேதான் கடி. "இது கார்பன், சூடு காட்டினா வளையாது. தேய்ச்சுத்தான் எடுக்கோணும். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார். கொஞ்சம் தேய்ப்பார், லிப்ஸ்டிக் பூசுவார், பார்ப்பார். ஐந்து தடவை. ரொறன்ரோவில் இதே கடிக்கு நேரம் கிடைக்க ஆறு கிழமை காத்திருந்தவன் நான்.

மருமகனுக்குப் பத்தொன்பது வயது. மோட்டார் சைக்கிள் விபத்தில் போனது அவனுக்கும் வலது கால்தான். போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால். 1968இல் ஜெய்ப்பூரில் உருவான அந்த ரப்பர் பாதத்தை நான் குறைவாக நினைத்திருந்தேன், கோணேசர் கோயிலுக்குப் போகும்வரை. சப்பாத்தின் குதி உயரத்துக்குப் பொருத்திய என் கால், சப்பாத்தைக் கழற்றியதும் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தது. அவன் வெறுங்காலோடு விறுவிறுவென்று ஏறிப்போய் மேலே நின்று, "மாமா, வாறியளோ?" என்றான்.

அவனும் ஓடுவான். இடது, இடது, வலது. நல்ல காலில் இரண்டு துள்ளல், பொய்க்காலில் ஒன்று. 1980இல் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய கனடாக்காரர் டெரி ஃபொக்ஸின் ஓட்டமும் இப்படித்தான். அவருக்கு முழங்காலும் இல்லை, பொய்முழங்கால் வீசி முன்னுக்கு வருவதற்குள் மற்றக் கால் இன்னொரு முறை துள்ள வேண்டும். இவனுக்கோ முழங்கால் இருக்கிறது. பின்னே ஏன்? பட்டறை ஐயாவிடம் கேட்டேன். அவனைப் பாரத்தோடு நிற்கவைத்து, சொக்கெட் விளிம்புக்குள் விரலை விட்டார். விரல் தாராளமாகப் போனது. "கால் வத்திப்போச்சு. உள்ளுக்கை ஆடுது, அதுதான் பாரம் போடப் பயப்பிடுறான். வேற சொக்கெட் வார்க்கோணும்."

அவனுக்கு என் பிளேடில்தான் கண். "ஒருக்காப் போட்டுப் பாக்கட்டோ?" என்று கேட்டான். சொக்கெட் ஆளுக்கு ஆள் வார்ப்பது, என்னுடையது அவனுக்கு ஏறவே இல்லை. புதுச் சொக்கெட்டுக்கு அச்செடுத்துக் காசும் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

போன கிழமை அவன் வீடியோ அனுப்பியிருந்தான். ஆளைக் காணோம், ஈர மணலில் தடம் மட்டும். இடது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. பின்னணியில் மூச்சு வாங்குகிற சத்தம். "அந்த ஒரு இடம் நாய் குறுக்கை வந்தது மாமா" என்கிறான்.