சனி இரவா, ஞாயிறு காலையா?

எங்கள் சிறுகதை வாசிப்புக் குழுவில் சென்னை, லண்டன், டொராண்டோ, சிட்னி என நாலு ஊர்க்காரர்கள். மாதம் இரண்டு தடவை ஜூமில் கூடுகிறோம். எத்தனை மணிக்குக் கூடுவது என்பதில் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டோம்.

முதலில் சனிக்கிழமை இந்திய நேரம் இரவு 7.30 என்று ஒரே நேரமாக வைத்தோம். லண்டனில் அப்போது பிற்பகல் 2, டொராண்டோவில் காலை 9. அவர்கள் கோடையில் ஒரு மணி நேரம் கூடும். நேரம் மனதில் பதிந்துவிட்டதால் வருகையும் நன்றாக இருந்தது. ஆனால் சிட்னியில் நள்ளிரவு 12, டிசம்பரில் 1 மணி. அங்கிருந்து வரும் அக்கா, குழந்தை எழுந்துவிடுமே என்று அடுக்களையில் உட்கார்ந்து, மைக்கை அணைத்துவிட்டு சாட்டில் மட்டும் எழுதுவார். கதையை எங்களில் நன்றாகப் பிரித்துப் பேசக்கூடியவர் அவர்தான். ஆறு மாதம் அவர் குரலையே கேட்கவில்லை. பதிவை அனுப்புகிறோமே என்றோம். பதிவைக் கேட்கலாம், அதோடு பேச முடியுமா?

அடுத்து மாலை 4.30. கணக்குப் போட்டால் இதுதான் சரியாக வரும், யாருக்கும் நடுராத்திரி இல்லை. ஆனால் ஜனவரியில் டொராண்டோவில் அது விடியாத 6 மணி, சிட்னியில் இரவு 10. ஒரு பக்கம் தூக்கம் கலையாத முகங்கள், மறுபக்கம் கொட்டாவி. இரண்டே மாதத்தில் விட்டுவிட்டோம்.

இப்போது மாற்றி மாற்றி வைக்கிறோம். முதல் வாரம் சனி இரவு 7.30, மூன்றாம் வாரம் ஞாயிறு காலை 6.30. காலைக் கூட்டம் சிட்னிக்கு 11 மணி, டிசம்பரில் 12. டொராண்டோவுக்கு முந்தின நாள் இரவு 8 அல்லது 9. லண்டனுக்குத்தான் நடுராத்திரி. அதாவது லண்டனுக்கு ஒன்று போகும், சிட்னிக்கு ஒன்று போகும். எப்போதும் ஒரே ஆள் தூக்கம் கெடுவதில்லை. என் ஓட்டு இதற்குத்தான். அக்கா இப்போது கதையை வாய்விட்டே வாசிக்கிறார்.

எந்த வழியானாலும் இந்திய நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை. பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறும், டொராண்டோ நவம்பர் முதல் ஞாயிறும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். சிட்னியோ அக்டோபர் முதல் ஞாயிறே முன்னால் போயிருக்கும். போன நவம்பரில் காலைக் கூட்டத்துக்கு, பழைய நினைப்பில் தங்கள் நேரம் இரவு 9 மணிக்கு வந்த டொராண்டோக்காரர்கள் இருவருக்குக் கதையின் கடைசிப் பத்திதான் கிடைத்தது. அப்புறம்தான் அழைப்பில் நாலு ஊர் நேரத்தையும் தேதியோடு எழுத ஆரம்பித்தோம்.