மேய்ச்சல் கோழி முட்டை: கரு பிரமாதம், ஓடுதான் தீராத எரிச்சல்

கூண்டுக்கோழி முட்டையை விட்டு மேய்ச்சல் கோழி முட்டைக்கு மாறலாமா, கூடுதல் விலை கொடுப்பதற்குப் பலன் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சில ஆண்டுகளாகக் கோழிகளைத் திறந்த வெளியில் விட்டு வளர்த்து, அவை இடும் முட்டையையே சாப்பிட்டு வருகிறேன். ஆனாலும் அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், இந்த வாரம் மறுபடியும் தோல்முட்டை, அதாவது ஓடே இல்லாமல் வெறும் சவ்வோடு வந்த முட்டை.

முட்டையின் அடிப்படைக் கணக்கை விட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்ததுதான். தவிர, கோழி எங்கே வளர்ந்தாலும் புரத அளவு பெரிதாக மாறுவதில்லை, கொலஸ்ட்ராலும் அப்படித்தான். ஓடு வெள்ளையா பழுப்பா என்பதும் இனத்தைப் பொறுத்தது, தீவனத்தைப் பொறுத்தது அல்ல. வெள்ளைக்கரு கெட்டியாக நிற்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா என்பதைப் பெரும்பாலும் முட்டை எத்தனை நாள் பழையது என்பதும் கோழியின் வயதும்தான் தீர்மானிக்கின்றன. மேய்ச்சலுக்கு அதில் பங்கு குறைவு.

மேய்ச்சல் தன் கைவரிசையைக் காட்டுவது மஞ்சள் கருவில். கொழுப்பில் கரையும் எதைக் கோழி தின்றாலும் அது கருவுக்குப் போய்ச் சேர்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கூண்டுக்கோழி முட்டையோடு ஒப்பிட்டால் மேய்ச்சல் கோழி முட்டையில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கும், மொத்த ஒமேகா-3 இரண்டரை மடங்கும் இருந்தன. புல்லிலும் இலைகளிலும் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பில் ஒரு பகுதியைக் கோழியின் ஈரல் டிஎச்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3 ஆக மாற்றிக் கருவில் சேர்க்கிறது. வைட்டமின் டி வரும் வழி இன்னும் அழகானது. இறகு மூடாத கால்களின் தோலில் வெயில் பட்டு அது உருவாகிறது. 2014-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், வெளியே திரிந்த கோழிகளின் மஞ்சள் கருவில் உள்ளேயே அடைந்து கிடந்தவற்றைவிட மூன்று, நான்கு மடங்கு வைட்டமின் டி இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, கோழிகள் வெயிலில் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனது நிறைகிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் இதில் உண்டு. வறண்ட நாட்களில் கோழிகள் தீவனத்தை மட்டுமே தின்றுகொண்டிருக்கும். அப்புறம் புதிதாகப் புல் முளைத்த பக்கம் அவற்றை மாற்றி விடுவேன். ஒரு வாரம் போல கழித்து ஒரு முட்டையை வேகவைத்துக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெளிர் மஞ்சள், சுற்றிலும் அடர்ந்த வளையம். மஞ்சள் கரு ஒரே நாளில் உருவாவதில்லை. கடைசிப் பத்து நாள் வாக்கில் அடுக்கடுக்காக வேகமாக வளர்கிறது. அந்த நாட்களில் கோழி என்ன தின்றதோ அது நாட்குறிப்பு போல அதில் பதிந்துவிடுகிறது. வெட்டிய ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

ஆனால் நிறத்தை வைத்துத் தரம் சொல்லாதீர்கள். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ஆரஞ்சு நிறம் தருவது சாந்தோஃபில் வகை நிறமிகள். புல்லிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் அவை இருக்கின்றன, துலுக்கச் சாமந்திப் பூவிலும் இருக்கின்றன. சாமந்தி இதழ்ச் சாற்றையும் சிவப்பு மிளகாய் வகைச் சாற்றையும் தீவனத்தில் கலந்தால், வாழ்நாளில் புல்லையே மிதிக்காத கோழியும் தீப்பிழம்பு நிறத்தில் கரு இடும். எந்த நிறம் வேண்டும் என்று எண்ணிட்ட நிற அட்டையைப் பார்த்துத் தீவனத்தைச் சரிசெய்வது முட்டைத் தொழிலில் சாதாரணம். மறுபக்கம், கோதுமையை அதிகம் தின்று நல்ல வெயிலில் திரியும் கோழியின் கரு வெளுத்து இருக்கலாம், அதில் வைட்டமின் டி நிறைய இருக்கலாம். நிறம் சொல்வது கோழி எந்த நிறமியைத் தின்றது என்பதை மட்டும்.

சரி, ஓட்டுக்கு வருகிறேன்.

தோல்முட்டையைக் கையில் எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வைக்கோலுக்குள் வெதுவெதுப்பாக, கனமாக, விரல் பட்டால் அமுங்கிக்கொண்டு கிடக்கும். உள்ளே எல்லாம் சரியாகவே இருக்கும், சுற்றி வெறும் சவ்வு. அதைவிட எரிச்சலூட்டுவது மெல்லிய ஓடு. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் சட்டென்று இரண்டாகப் பிளக்காமல் நொறுங்கி உள்ளே போகும். சில்லுகள் சவ்வில் ஒட்டித் தொங்கி, கருவைக் கீறி உடைத்துவிடும். கூட்டிலேயே உடைந்தால் இன்னும் மோசம். ஒரு கோழி ருசி கண்டுவிட்டால் மற்றவையும் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: "மேய விட்டால் கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும்." எனக்குத் தீவனம் விற்ற ஒருவரும் இதையே சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். முட்டையிடும் கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். அது முழுக்க மக்காச்சோளமோ கோதுமையோ ஆனால் கிடைக்கும் கால்சியம் 0.1 கிராமைக்கூடத் தொடாது. புல்லில் பெரும்பகுதி தண்ணீர். பூச்சிகளின் மேல்தோல் கைட்டினால் ஆனது, சுண்ணாம்பால் அல்ல. நத்தை நிறைய உள்ள நிலமாக இருந்தால் பரவாயில்லை. தானியத்திலும் புல்லிலும் கால்சியம் இவ்வளவு குறைவு என்பதால்தான் முட்டைக்கோழித் தீவனத்தில் 4 சதவீத அளவுக்குக் கால்சியம் சேர்க்கிறார்கள். தின்றதில் பாதி உடலில் சேர்ந்தாலே ஓட்டுக்குச் சரியாக இருக்கும். கூண்டுக்கோழிக்கு அந்தத் தீவனம் மட்டுமே உணவு, அதனால் அதன் ஓடு கெட்டியாக வருகிறது. என் கோழி புல், புழு, சிந்திய தானியம் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு தீவனத்தொட்டிக்கு வரும்போது அதற்குப் பாதிப் பசிதான் இருக்கிறது. போதாத கால்சியத்தை அது தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. நாம் முட்டையைப் பார்த்துக் கவலைப்படுகிறோம், கோழியின் உடம்பு அதற்கு முன்பே தேயத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பதிலைக் கேட்டால் நான் பொறுமை இழப்பது இதனால்தான்.

நியாயமாகவும் பேச வேண்டும். சிப்பி ஓட்டைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் எவ்வளவு தேவையோ அவ்வளவைக் கோழி தானாகவே எடுத்துக்கொள்ளும், அந்த அறிவு அதற்கு உண்டு. ஆனால் நாம் வைக்க வேண்டும். மாவாகப் பொடித்த சுண்ணாம்பு பிரயோசனம் குறைவு, சீக்கிரம் கடந்து போய்விடும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். மாலையில் தின்ற பெரிய சில்லுகள் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. எனவே என் கிண்ணம் கோழிகள் அடையும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் இது வேலை செய்கிறது.

வெயில் காலத்தில் இது வேலை செய்வதில்லை. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் இருந்தாலும் கார்பனேட்டுக்குத் தட்டுப்பாடு வந்துவிடுகிறது. சூட்டில் தீவனமும் குறைவாகத்தான் இறங்கும். நிழல், குளிர்ந்த தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு தீவனம் என்று எல்லாம் செய்கிறேன், கொஞ்சம் குறைகிறதே தவிர நிற்பதில்லை. வயதான கோழி பெரிய முட்டை இடும், அதே அளவு சுண்ணாம்பை அகலமாகப் பூச வேண்டியிருப்பதால் அதற்கு ஓடு இன்னும் மெல்லியது. இந்த வாரத்துத் தோல்முட்டை என் மூத்த கோழியுடையது.

வாடை பற்றி ஒரு வார்த்தை. ஒமேகா-3 ஏறட்டும் என்று ஆளி விதையை அள்ளிப் போட்டால் முட்டையில் மீன் வாடை தட்டும். பழுப்பு முட்டை இடும் சில கோழிகளுக்கு மரபிலேயே ஒரு குறை இருக்கிறது. கடுகு இனப் புண்ணாக்கு தின்றால் வரும், மீன் வாடை அடிக்கும் டிரைமெத்திலமைன் என்ற பொருளை அவற்றால் உடைக்க முடியாது, அது நேராகக் கருவுக்குப் போகிறது. ருசியைப் பொறுத்தவரை, ஆம்லெட்டாகப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோழி கொத்தும்போது மண்ணும் சேர்ந்தே உள்ளே போகிறது. பழைய ஈயப் பெயிண்ட் உதிர்ந்த சுவரோரம், குப்பை எரித்த இடம், பழைய தொழிற்சாலை நிலம் இவற்றில் மேய்ந்த கோழியின் முட்டையில் ஈயமும் டையாக்சின் என்ற நச்சும் சேரும். வைட்டமின் டி போகும் அதே மஞ்சள் கருவில்தான் டையாக்சினும் போய்த் தங்குகிறது. எந்த நிலம் என்று தெரியாமல் 'மேய்ச்சல்' என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்குத் தருவதாக இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நண்பருக்கு என்ன பதில்? சத்துக் கணக்கில் மேய்ச்சல் முட்டைக்கே என் ஓட்டு, அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் முட்டைத் தரத்துக்காகவே வீட்டில் கோழி வாங்கி மேய விடுகிறேன் என்றால், இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெயில் தணிந்த பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். வாங்கிச் சாப்பிடுவதாக இருந்தால், வளர்ப்பவரிடம் போய்க் கரு என்ன நிறம் என்று கேட்காதீர்கள். நிலத்தில் முன்பு என்ன இருந்தது, தீவனத்தில் என்ன கலக்கிறார், சிப்பி ஓட்டுக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கிண்ணத்தை உடனே காட்டுகிறவரிடம் வாங்குங்கள்.